ஏர் ரைஃபிள் ஸ்டாக்கை உடம்புக்குப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதை நோக்கி நின்றபடி, ஸ்லிங் (கையில் மாட்டித் தாங்கும் வார்) இல்லாமல், 75 நிமிடத்துக்குள் 60 பெல்லட் (சிறு ஈயக் குண்டு) சுட வேண்டும். நாலைந்து கிலோ எடையை அத்தனை நேரமும் தசையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. இடுப்பெலும்பு, முன்கை எலும்பு, முதுகுத்தண்டு ஆகியவற்றின் மேல் எடை இறங்கினால்தான் ரைஃபிள் அசையாமல் நிற்கும். அப்படி இறங்க விடுவதுதான் ஸ்டாக்கின், அதாவது குழலைத் தாங்கித் தோளில் பொருந்தும் மர அல்லது உலோக உடற்பகுதியின், வேலை. கீழே உள்ள பதில்கள் நின்று சுடும் வலக்கைக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஸ்டாக் எனக்குப் பொருந்தவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜாக்கெட், ட்ரவுசர், ஷூ எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டில் பார்க்கும் அளவு எதற்கும் உதவாது. பெல்லட் இல்லாத ரைஃபிளை வழக்கமான பொசிஷனில் எடுத்து இலக்கைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடி, தலையின் எடையை சீக் பீஸ் (ஸ்டாக்கில் கன்னம் படியும் பகுதி) மேல் முழுதாக இறக்கி, இரண்டு மூன்று மூச்சு விடுங்கள். கழுத்தை அசைக்காமல் கண்ணைத் திறந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கண்ணருகே உள்ள பின் சைட்டின் துளைக்குள், குழல் முனையில் உள்ள முன் சைட்டின் வட்டம் நடுவில் இருக்கிறதா (சைட் என்றால் குறிபார்க்கும் கருவி)? ரைஃபிள் இலக்கின் உயரத்திலேயே நிற்கிறதா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் கோளாறு சீக் பீஸில். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் பட் பிளேட்டையோ (தோளில் பதியும் பின்தகடு), இடது கை தாங்கும் உயரத்தையோ பார்க்க வேண்டும்.

கண்ணைத் திறந்ததும் தலையைச் சற்றே நகர்த்திச் சரிசெய்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்தச் சின்ன நகர்த்தல்தான் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு. முதல் 20 ஷாட் வரை கழுத்துத் தசை அதை மறைத்துக்கொடுக்கும். 40-க்கு மேல் மறைக்காது. பயிற்சியின் முதல் பாதி நன்றாகவும் இரண்டாம் பாதி சிதறலாகவும் தொடர்ந்து வந்தால், உடற்பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஸ்டாக்கைப் பாருங்கள்.

புது ஸ்டாக் வாங்க வேண்டுமா, இருப்பதையே மாற்றினால் போதுமா?

பெரும்பாலோருக்கு முழு ஸ்டாக் தேவைப்படாது. நல்ல பட் பிளேட் ஒன்று, நாலு பக்கமும் நகரக்கூடிய சீக் பீஸ் ஒன்று, இவை இரண்டும் போதும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ், ஸ்டையர் போன்ற தயாரிப்பாளர்களின் ரைஃபிள்களுக்கு இவை தனியாகவே கிடைக்கின்றன. எம்.ஈ.சி., டெக்-ஹ்ரோ போன்ற நிறுவனங்கள் பல ரைஃபிள்களுக்குப் பொருந்தும் பட் பிளேட்டுகள் செய்கின்றன.

முழு ஸ்டாக்கையும் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. மரத்தில் விரிசல் விழுந்திருக்கலாம். நீளத்தை மிகக் குறைவாக வைத்தும் ரைஃபிள் நீளமாக இருக்கலாம். கிரிப் (டிரிகர் பக்கத்துக் கைப்பிடி) கைக்குப் பெரிதாக இருந்து, மாற்றவே வழியில்லாமல் மரத்தோடு ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கலாம். அல்லது இடக்கைக்காரர் கையில் வலக்கை ஸ்டாக் இருக்கலாம். இதைத் தவிர, ‘அலுமினியம் வாங்கினால் ஸ்கோர் ஏறும்’ என்பதற்காக மாற்றினால் பணம்தான் போகும். அலுமினிய ஸ்டாக் தருவது கூடுதல் திருகுகளை. அந்தத் திருகுகளை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவருக்கு அது குழப்பத்தையும் சேர்த்தே தரும்.

மரமா, அலுமினியமா?

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது வெறும் ரசனை விஷயம் இல்லை. வார்னிஷ் தேய்ந்த மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். ஏசி அறையில் சுருங்கும். திருகுகளின் இறுக்கம் அதோடு மாறும். அடுக்கு மரப் பலகை ஒற்றை மரத்தைவிட நிலையாக நிற்கும். அலுமினியம் ஈரத்துக்கு அசையாது. ஆனால் வியர்வையின் உப்பு திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும், ஏசியில் கன்னத்துக்கு ஜில்லென்றும் இருக்கும். மரத்தின் எடை கையில் மென்மையாக உட்காரும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. வளரும் வயதினருக்கு மட்டும் சந்தேகமில்லாமல் அலுமினியமோ, முழுதும் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய மர ஸ்டாக்கோதான் சரி.

எதை முதலில் சரிசெய்வது?

வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததை மாற்றிவிடும். முதலில் ரைஃபிள் இல்லாமலே காலும் இடுப்பும். அடுத்து இடது கை ரைஃபிளைத் தாங்கும் உயரம். பிறகு பட் பிளேட்டின் உயரமும் நீளமும். பிறகு கிரிப்பும் டிரிகரும். சீக் பீஸ் அதற்குப் பிறகு. பின் சைட்டின் இடம் கடைசி.

நிறைய பேர் சீக் பீஸில் தொடங்குகிறார்கள், கண்ணுக்கு உடனே தெரிவது அதுதான் என்பதால். அப்புறம் பட் பிளேட்டை 5 மி.மீ. இறக்கினால் தலை சீக் பீஸில் வேறு இடத்தில் உட்காரும். முதலில் செய்த வேலை வீண்.

இடது கை தாங்கும் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல், அல்லது அதையொட்டி, உட்கார வேண்டும். உள்ளங்கை ரைஃபிளுக்கு நேர் கீழே வர வேண்டும். அந்த நிலையில் கழுத்தை வளைக்காமல் நேராகப் பார்த்தால் கண் பின் சைட்டுக்கு வரவேண்டும். கை குட்டையாகவும் கழுத்து நீளமாகவும் உள்ளவருக்கு ரைஃபிள் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அவர் தலையைக் குனிந்து ஈடுகட்டுவார். குனிந்த தலையில் கண் புருவத்துக்கு அடியிலிருந்து பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் சாய்ந்துவிடுகிறது, உடம்பு ஊசலாடுவது கூடுகிறது.

இதற்கு மூன்று வழிகள். கையை முஷ்டியாக மடக்கித் தாங்கினால் தட்டையான உள்ளங்கையைவிடச் சில செ.மீ. உயரம் கிடைக்கும், செலவில்லாத வழி, முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, ஸ்டாக்கின் அடியில் பொருத்தும் ரைசர் பிளாக், அதாவது உயரம் கூட்டும் கட்டை. மூன்றாவது, முன், பின் இரண்டு சைட்டையும் ஒரே அளவு உயர்த்தும் பிளாக்குகள். ஒன்றை மட்டும் உயர்த்தினால் பெல்லட் இலக்குத் தாளிலேயே விழாது. சைட்டை உயர்த்த உயர்த்த, ரைஃபிள் பக்கவாட்டில் சாயும்போது பெல்லட் விலகுவதும் கூடும். எனவே இதைத் தேவைக்கு மேல் செய்ய வேண்டாம்.

ஸ்டாக்கின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நீளம் என்பது டிரிகரின் முகத்திலிருந்து பட் பிளேட்டின் நடுப்பள்ளம் வரை உள்ள தூரம். கடையில் வரும் சாதாரண மர ஸ்டாக்குகள் பெரும்பாலும் 34 முதல் 36 செ.மீ. வரை இருக்கும். தடித்த ஜாக்கெட் போட்டு, இடுப்பைத் திருப்பி நின்று சுடும்போது இதைவிடக் குறைவுதான் தேவைப்படும். முழங்கையை மடக்கி, மடிப்பில் ஸ்டாக்கின் பின்முனையை வைத்து விரல் டிரிகரைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய வழி ஒரு தொடக்கம் மட்டுமே. கழுத்தின் நீளத்தையும் ஜாக்கெட்டின் தடிமனையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

நீளம் கூடினால் பட் பிளேட் தோளின் உள்ளே வராமல் புஜத்தின் வெளிப்பக்கம் நழுவும். வலது தோள் பின்னால் இழுபடும். ரைஃபிளின் எடை உடம்பிலிருந்து விலகுவதால் முதுகை இன்னும் பின்னால் சாய்க்க வேண்டிவரும், ஒரு மணி நேரத்தில் இடுப்புக்கு மேலே வலிக்கும். நீளம் குறைந்தால் கண் பின் சைட்டுக்கு மிக அருகில் போகும், வலது மணிக்கட்டு மடங்கும், டிரிகர் விரல் இறுகும். கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் 5 முதல் 8 செ.மீ. இடைவெளி பலருக்கு ஒத்துவரும். ஆனால் அந்த இடைவெளிக்காக நீளத்தை மாற்றாதீர்கள். அதற்குப் பின் சைட்டைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

ஒரே தடவையில் 3 மி.மீ.-க்கு மேல் மாற்ற வேண்டாம்.

பட் பிளேட்டை எங்கே, எப்படி வைப்பது?

தோளும் புஜமும் சேரும் பள்ளத்தில், கழுத்தெலும்புக்கு வெளியே. மேல் கொம்பு, கீழ்க் கொம்பு இரண்டும் ஜாக்கெட்டைத் தொட வேண்டும். கீழ்க் கொம்பு மட்டும் தொட்டு மேல்பகுதி காற்றில் நின்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறு இடத்தில் உட்காரும். இலக்கில் அது மேலும் கீழுமான சிதறலாகத் தெரியும்.

கண்ணை மூடித் திறக்கும்போது ரைஃபிள் இலக்குக்குக் கீழே நின்றால் பட் பிளேட்டை ஸ்டாக்கில் மேலே ஏற்றுங்கள். மேலே நின்றால் இறக்குங்கள். முதலில் இது தலைகீழாகத் தோன்றும். பட் பிளேட் தோளில் அதே இடத்தில்தான் உட்காருகிறது. அதை ஸ்டாக்கில் ஏற்றினால் ஸ்டாக்கின் பின்பகுதி தாழும், இடது கையை அச்சாகக் கொண்டு குழல் முனை உயரும். ரைஃபிள் இடமோ வலமோ விலகி நின்றால் பட் பிளேட்டைத் தொடாதீர்கள். அதைக் காலால் சரிசெய்ய வேண்டும்: பின்னங்காலைச் சற்றே நகர்த்தினால் போதும்.

ரைஃபிளை முகத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பதைக் கேன்ட் என்பார்கள். தலையை நேராக வைத்திருக்க அது உதவும், தவறும் இல்லை. ஆனால் 60 ஷாட்டிலும் ஒரே அளவு சாய்வு இருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி பட் பிளேட்டைத் திருப்பிவிட்டால் கை தானாக அதே சாய்வில் நிற்கும். திருப்பாமல் மணிக்கட்டால் சாய்த்தால், களைப்பு வர வர சாய்வு மாறும், பெல்லட்டும் சாய்ந்த பக்கமாகப் போகும்.

சீக் பீஸைச் சரிசெய்யும்போது எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பமாக இருக்கிறது. எளிய வழி உண்டா?

உண்டு. பின் சைட்டின் துளைக்குள் முன் சைட் எந்தப் பக்கம் ஒதுங்கித் தெரிகிறதோ, உங்கள் கண் அந்தப் பக்கம்தான் விலகியிருக்கிறது. முன் சைட் கீழே தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது; சீக் பீஸை உயர்த்துங்கள். மேலே தெரிந்தால் இறக்குங்கள். வலப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் தலை ஸ்டாக்கின் மேல் அதிகமாக ஏறி வந்திருக்கிறது. சீக் பீஸை இடப்பக்கம் வெளியே தள்ளுங்கள். ஒல்லியான முகக்காரர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். இடப்பக்கம் தெரிந்தால் சீக் பீஸை உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு மி.மீ. நகர்த்தி, ரைஃபிளைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துப் பாருங்கள். எடுத்தபடியே திருகினால் தசை புது நிலைக்கு ஒத்துப்போய் ஏமாற்றும்.

உயரம் சரியானபிறகு சாய்வைப் பாருங்கள். தாடை எலும்புக்கு மேலே, கன்ன எலும்புக்குக் கீழே உள்ள சதை முழுதாக அதில் படிய வேண்டும். கன்ன எலும்பு மட்டும் ஒரு முனையில் இடித்தால் முப்பதாவது ஷாட்டுக்குள் வலிக்கும், தலை தானாக விலகும். சீக் பீஸ் மிக உயரமாக இருந்து தலையை மேலே தள்ளுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. தலை அதன்மேல் ஓய்வாகக் கிடக்க வேண்டும். கன்னத்தால் ரைஃபிளை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால் அளவு தவறு.

கிரிப் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி டிரிகரில் நேர் செங்குத்தாக உட்கார வேண்டும். விரலின் மற்ற பகுதி ஸ்டாக்கைத் தொடக் கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளியாவது வேண்டும். விரல் மரத்தை உரசினால் ஒவ்வொரு இழுப்பும் ரைஃபிளைப் பக்கவாட்டில் தள்ளும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

டிரிகரே முன்னும் பின்னும் நகரும் ரைஃபிள் என்றால், முதலில் மணிக்கட்டு நேராக நிற்கும்படி கிரிப்பை வைத்துவிட்டு, டிரிகரை விரலுக்குக் கொண்டுவாருங்கள். விரலை நீட்டி டிரிகருக்குக் கொண்டுபோனால் கை முழுதும் இறுகிவிடும்.

கிரிப் கைக்குச் சின்னதாக இருக்கிறது. புட்டி வைத்துப் பெரிதாக்கலாமா?

செய்யலாம். எம்-சீல் போன்ற இரண்டு பாக எப்பாக்சி புட்டி போதும். ஆனால் நேராகப் புட்டியில் இறங்காதீர்கள். முதலில் குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை கிரிப்பில் ஒட்டி, ஒரு வாரம் உலர் பயிற்சி செய்யுங்கள், அதாவது பெல்லட் இல்லாமல். எங்கே நிரப்ப வேண்டும், எங்கே கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு கிரிப்பைக் கழற்றி, பழைய வார்னிஷை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான வார்னிஷில் புட்டி பிடிக்காது, சில வாரத்தில் பெயர்ந்துவரும். இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, தேவையான இடத்தில் வைத்து, கிரிப்பை மறுபடி பொருத்துங்கள். வாசலின் தடவிய ரப்பர் கையுறையோடு, ஜாக்கெட் போட்டு, உண்மையான பொசிஷனில் நின்று பிடியுங்கள். மேஜையில் உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணம் வேறு, அச்சும் வேறாக விழும். 24 மணி நேரம் காயவிட்டு 120, பிறகு 220 எண் தாளால் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

விரல்களின் அச்சு ஆழமாகப் பதிந்த கிரிப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெயில் நாளில் கை சற்றே வீங்கினால்கூட அதில் சரியாக உட்காராது. உள்ளங்கைக் குழியையும் கட்டை விரலின் அடியையும் மட்டும் நிரப்பி, விரல் பக்கத்தை மிதமாக விட்டுவிடுவதே மேல்.

அட்ஜஸ்ட் எதுவும் இல்லாத மர ஸ்டாக்கைக் குட்டையாக்க வெட்டலாமா?

பழகுவதற்காக வாங்கிய சாதாரண ரைஃபிள் என்றால் தயங்காமல் செய்யலாம். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் அளவில் மட்டும் நிதானம் வேண்டும்.

ரைஃபிளின் இயந்திரப் பகுதியை முழுதாகக் கழற்றிவிடுங்கள். தேவையான நீளத்திலிருந்து பட் பிளேட், ரப்பர் இவற்றின் தடிமனைக் கழியுங்கள். வருகிற அளவைவிட 10 மி.மீ. அதிகமாக விட்டுக் குறியிடுங்கள். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று சுற்றி, கோட்டைக் கூரிய கத்தியால் கீறிவிட்டால் மரநார் பிளந்துவராது. பொடிப் பல் ரம்பத்தால் அறுங்கள். கடைசி 5 மி.மீ.-ல் வேகத்தைக் குறையுங்கள். சில்லு பெயர்வது அங்கேதான். தட்டையான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் வெட்டு முகத்தைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

பழைய திருகுத் துளைகளைத் தேக்கு போன்ற கடின மரக் குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்து ஒரு நாள் விடுங்கள். அடைக்காமல் பக்கத்திலேயே புதுத் துளை போட்டால் திருகு பழைய துளைக்கு வழுக்கிப்போகும். 5 மி.மீ. திருகுக்கு 3 முதல் 3.5 மி.மீ. வழித்துளை போதும். திருகில் சோப்புத் தடவினால் கடின மரத்தில் உடையாமல் இறங்கும். வெட்டு முகத்துக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு தர மறக்காதீர்கள். மரம் ஈரத்தை அதிகமாக உறிஞ்சுவது வெட்டிய முனை வழியாகத்தான். விட்டுவைத்த 10 மி.மீ.-ஐ ஒரு மாதம் சுட்டுப் பார்த்தபிறகு தேவையென்றால் மட்டும் குறையுங்கள்.

நீளத்தைக் கூட்டுவது இன்னும் எளிது. 5 மி.மீ. பிளைவுட் அல்லது அக்ரிலிக் தகடுகளைப் பட் பிளேட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வைத்து, நீளமான திருகு போடலாம். திருகு மரத்துக்குள் 25 மி.மீ. இறங்க வேண்டும். தகடுகளின் மொத்தத் தடிமன் 25 மி.மீ.-ஐத் தாண்டினால் திருகுகள் ஆடத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அட்ஜஸ்டபிள் பட் பிளேட்டே சரி.

புது ஸ்டாக்கில் இயந்திரப் பகுதியை மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வாங்குவதற்கு முன்பே இரண்டு திருகுத் துளைகளின் இடைவெளி, பெல்லட் போடத் திறக்கும் லீவர் திரும்பும் இடம், டிரிகர் அமைப்புக்கான குழி, காற்று சிலிண்டருக்கான இடைவெளி ஆகியவை உங்கள் மாடலுக்கு ஒத்துவருகின்றனவா என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். ‘அதே கம்பெனி’ என்பது போதாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு வேறு வேறு ஸ்டாக் இருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் பெல்லட் இல்லை என்று பார்த்து, சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய காற்றைப் பாதுகாப்பான திசையில் வெளியேற்றுங்கள். பெரும்பாலான போட்டி ரைஃபிள்களின் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது. அது மாட்டியிருக்கும்போது பக்கத்தில் துளைபோடுவதோ தட்டுவதோ கூடவே கூடாது.

மாட்டியபின் ஒரு திருகை இறுக்கி மற்றதைத் தளர்த்தி, ஸ்டாக்கும் உலோகமும் சேரும் இடத்தில் விரல்நுனியை வையுங்கள். திருகை இறுக்கவும் தளர்த்தவும் அங்கே அசைவு தெரிந்தால் இயந்திரப் பகுதி குழியில் சமமாக உட்காரவில்லை, திருகு அதை வளைக்கிறது. இறுக்கம் மாறும்போதெல்லாம் பெல்லட் விழும் இடமும் மாறுவதற்கு இதுதான் காரணம். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் சாவி) வாங்குவது நல்ல செலவு. அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து எடுங்கள். ஆலன் கீயால் கைக்கு வந்தபடி இறுக்கினால் மரம் நசுங்கும், அலுமினியத்தில் மரை கழன்றுபோகும்.

எடையும் பேலன்ஸும் எப்படி இருக்க வேண்டும்?

போட்டி விதியின் வரம்பு 5.5 கிலோ, சைட் உட்பட எல்லாம் சேர்த்து. அதை எட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. முன்பக்கம் எடை கூடினால் ரைஃபிள் ஆடும் வேகம் குறையும், ஆனால் இடது கையும் இடுப்பும் சீக்கிரம் சோரும். 50 கிராம் 50 கிராமாகச் சேர்த்து, 60 ஷாட்டும் முடியும்வரை சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் 10 ஷாட்டை வைத்து எடையை முடிவு செய்தால் எப்போதும் அதிகமாகத்தான் போகும். பட் பிளேட்டை மாற்றினால் பின்பக்க எடை மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்றங்கள் போட்டி விதிக்குள் அடங்குமா?

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு அடிக்கடி இடிக்கும் அளவுகள் இவை. எல்லாம் குழலின் மையக்கோட்டிலிருந்து: இடது கை தாங்கும் முன்பகுதியின் அடி 120 மி.மீ., கிரிப்பின் அடி 160 மி.மீ., பட் பிளேட்டின் கீழ் முனை 220 மி.மீ. பட் பிளேட் வளைவின் ஆழம் 20 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. சீக் பீஸ் பக்கவாட்டில் 40 மி.மீ., கிரிப் 60 மி.மீ. வரை போகலாம். முன்பகுதியின் மொத்த அகலம் 60 மி.மீ. கட்டை விரல் துளை, கட்டை விரல் தாங்கி, உள்ளங்கைத் தாங்கி, சாய்வு காட்டும் நீர்மட்டக் கருவி எதற்கும் அனுமதியில்லை. கிரிப்பிலும் முன்பகுதியிலும் பிடிமானத்தைக் கூட்டும் ரப்பர், சொரசொரப்பு டேப் போன்றவற்றை ஒட்டவும் கூடாது. ரைசர் பிளாக் வைத்தவர்கள் 120-லும், புட்டி வைத்தவர்கள் 60-லும்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுவதால் வேலை தொடங்குமுன் நடப்புப் பதிப்பைப் பாருங்கள்.

ஸ்டாக் மாற்ற உரிமம் தேவையா?

இந்தியாவில் 2016-ன் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஸ்டாக் மாற்றுவது அதை மாற்றாது. .22 (அங்குலக் குழல்) ரைஃபிள் வேறு வகை. அதில் பழுதுபார்ப்பது, மாற்றுவது போன்ற வேலைகளை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணிமனையில் கொடுங்கள். வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஏர் ரைஃபிளுக்கே கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடுகள் உண்டு.

பிள்ளைக்கு 11 வயது. ‘வளர்ந்ததும் சரியாகிவிடும்’ என்று பெரிய ஸ்டாக்கே வாங்கலாமா?

வேண்டாம். நீளமான ஸ்டாக்கோடு இரண்டு வருடம் நின்ற பிள்ளை, முதுகை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்து நிற்கப் பழகியிருக்கும். வளர்ந்தபிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது கடினம், வளரும் முதுகுக்கும் அது நல்லதல்ல. ஜூனியர் அளவு ஸ்டாக்கோ, நன்றாகக் குறையும் அட்ஜஸ்டபிள் ஸ்டாக்கோ பாருங்கள். எடையும் குறைவாக இருக்கட்டும். தொடக்கத்தில் ஸ்டாண்டில் தாங்கிச் சுடுவதில் குறைவு எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீளத்தையும் பட் பிளேட்டையும் மறுபடி பாருங்கள். திடீரென்று ஸ்கோர் இறங்கினால் திட்டுவதற்கு முன் உயரத்தை அளந்துபாருங்கள்.

இடக்கைக்காரர் வலக்கை ரைஃபிளை வைத்துச் சமாளிக்கலாமா?

கிரிப்பையும் சீக் பீஸையும் இடக்கைக்கு மாற்றினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். லீவர் எதிர்ப்பக்கம் இருப்பது தொல்லைதான், ஆனால் பழகிவிடும். சில மாடல்களில் லீவரையே பக்கம் மாற்றலாம். வலக்கை கிரிப்பை இடது கையால் பிடித்துச் சமாளிப்பது மட்டும் ஒருநாளும் சரிவராது.

ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று எத்தனை நாளில் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்வதற்கு முன் எல்லா அளவுகளையும் நோட்டில் எழுதுங்கள். திருகு நிற்கும் இடத்தில் பெயின்ட் பேனாவால் கோடு போடுங்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பொசிஷனைப் படம் எடுங்கள். புது அளவில் குறைந்தது 3 முழுப் பயிற்சி சுடுங்கள். முதல் நாள் புதுமையாலேயே நன்றாகத் தோன்றும், அல்லது பழக்கமின்மையால் மோசமாகத் தோன்றும். இரண்டையும் நம்ப வேண்டாம். ஸ்கோரைவிட, கண்ணை மூடித் திறக்கும் சோதனையில் எத்தனை முறை திருத்தாமல் நின்றது என்பதை எண்ணுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் எதையும் தொடாதீர்கள்.

சீக் பீஸை மாற்றியதும் பெல்லட் விழும் இடமே மாறிவிட்டது. ஏதாவது கெட்டுவிட்டதா?

இல்லை. இதுவரை கண் துளையின் ஓரத்திலிருந்து பார்த்து வந்திருக்கிறது, சைட்டும் அதற்கேற்ப ஜீரோ செய்யப்பட்டிருந்தது, அதாவது குறிவைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி திருத்தப்பட்டிருந்தது. இப்போது கண் நடுவுக்கு வந்திருக்கிறது. சீக் பீஸ் திருகுகளை இறுக்கி, 10 ஷாட் சுட்டு, விழுந்த துளைகளின் மையத்தைப் பார்த்துச் சைட்டை மறுபடி ஜீரோ செய்யுங்கள். ஜீரோ செய்தபின்னும் நாளுக்கு நாள் இடம் மாறினால் சீக் பீஸின் தண்டு மெல்ல இறங்குகிறதா என்று பெயின்ட் கோட்டைப் பாருங்கள். அடிக்கடி திருகாத ஸ்க்ரூக்களுக்கு நடுத்தர வலிமையுள்ள நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போடலாம். அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூக்களில் போட்டால் அடுத்த தடவை ஆலன் கீதான் வழுக்கும்.

புது ஜாக்கெட் வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டுமா?

நீளமும் பட் பிளேட்டின் உயரமும் மட்டும். புது ஜாக்கெட் விறைப்பாக இருப்பதால் ரைஃபிள் சற்று முன்னால் தள்ளப்படும். நீளத்தை 2, 3 மி.மீ. குறைக்க வேண்டியிருக்கும். சில வாரங்களில் துணி பழகித் தளர்ந்ததும் அதே அளவை மறுபடி கூட்ட வேண்டிவரும். பழைய அளவுகளை நோட்டில் அடிக்காமல் வைத்திருங்கள்.